பின்னோக்கிப் போக மறுக்கும் பனிவண்டி

இயந்திர மூலை



இம்மாதம் ஒரு விநோதமான வண்டியைப் பற்றிப் பேசப் போகிறோம். தலைப்பைப் பார்த்ததும், “நம் ஊரில் விழுவது மழை, பனிவண்டியைப் பற்றி நமக்கென்ன?” என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அந்த வண்டியின் மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது நமக்குப் பழக்கமான ஆள்தான். செம்பனைத் தோட்டத்தில் புல்வெட்டும் இயந்திரம், முதுகில் சுமந்து மருந்தடிக்கும் பம்பு, மரம் அறுக்கும் ரம்பம், ஒரு காலத்தில் நம் சாலைகளில் நீலப்புகை விட்டுக்கொண்டு ஓடிய மோட்டார் சைக்கிள் ஆகிய எல்லாவற்றிலும் இருக்கும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின்தான் பெரும்பாலான பனிவண்டிகளிலும் இருக்கிறது. நம் எஞ்சின் கெட்டால் நடந்து வீட்டுக்கு வந்துவிடலாம். அங்கே கெட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் அந்நாட்டார் பழுது பார்ப்பதில் ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறார்கள். அந்த ஒழுங்கு நமக்கும் உதவும்.

ஒரு குழந்தையின் மரணம்

கனடாவின் கியூபெக் மாநிலத்தில் வால்கோர் என்று ஒரு சிற்றூர். அங்கே பிறந்தவர் ஜோசப் அர்மான் பொம்பார்டியே. சிறு வயதிலிருந்தே இயந்திரப் பித்து. 1922இல், பதினைந்து வயதில், பழைய ஃபோர்ட் மாடல் டி காரின் எஞ்சினை ஒரு சறுக்குவண்டியில் பொருத்தி, அதன் பின்னால் ஆகாய விமானத்தைப் போல் ஒரு விசிறியைச் சுழலவிட்டுப் பனியில் ஓட்டிக் காட்டினார். பக்கத்தில் நின்றவர்களுக்கு அந்த விசிறி ஆபத்து என்பதால் தந்தையார் அதைப் பிரித்துப் போடச் சொல்லிவிட்டார்.

வளர்ந்து சொந்தமாக மோட்டார்ப் பட்டறை வைத்தார். மணமாகிப் பிள்ளைகளும் பிறந்தனர். 1934ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகனுக்கு வயிற்றுக்குள் அழற்சி முற்றிவிட்டது. உடனே அறுவைச் சிகிச்சை செய்திருக்க வேண்டும். ஆனால் சாலைகளெல்லாம் பனியில் மூடிக் கிடந்தன. மருத்துவமனைக்குக் கொண்டுபோக வழியில்லாமல் குழந்தை இறந்துவிட்டது. பட்டறை நிறைய எஞ்சின் வைத்திருந்த தகப்பனிடம், பனியைத் தாண்டிப் போகக்கூடிய ஒரு வண்டி இல்லை.

அதற்குப் பிறகு அவர் ஓயவில்லை. பல்சக்கரம் ஒன்று ரப்பர் பட்டையைச் சுழற்றிப் பனிமேல் வண்டியை நகர்த்தும் முறையைச் செம்மைப்படுத்தி, 1937இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஏழு பேர் அமரும் ‘பி 7’ என்னும் பெரிய பனிவண்டியை விற்கத் தொடங்கினார். மருத்துவர்கள் நோயாளிகளைப் பார்க்க அதில் போனார்கள்; தபால் அதில் போனது; பள்ளிப் பிள்ளைகளும் அதில் போனார்கள். 1948இல் கியூபெக் அரசாங்கம் கிராமச் சாலைகளில் பனியை அகற்ற முற்பட்டதும் பெரிய வண்டிகளுக்குத் தேவை குறைந்தது. ஆகவே சிறிய வண்டியின் பக்கம் கவனத்தைத் திருப்பினார். 1959இல் ஒருவர் அல்லது இருவர் குதிரைமேல் அமர்வதுபோல் உட்கார்ந்து ஓட்டும் ‘ஸ்கி-டூ’ வெளிவந்தது. பொம்பார்டியே 1964இல் காலமானார். அவருடைய வண்டி வட துருவத்தை ஒட்டிய நாடுகளிலெல்லாம் பரவிற்று. பின்லாந்தின் வடபகுதியில் கலைமான் மேய்க்கும் சாமி இன மக்கள், 1960களில் சறுக்குவண்டியை விட்டு இதற்கு மாறினார்கள்.

வண்டியின் உடலமைப்பு

முன்புறம் இரண்டு சறுக்குக் கட்டைகள். கைப்பிடியைத் திருப்பினால் அவை திரும்பும். பின்புறம் சக்கரத்துக்குப் பதிலாக டிராக் என்னும் அகன்ற ரப்பர் பட்டை. புல்டோசரின் இரும்புச் சங்கிலிப் பட்டையை ரப்பரில் செய்ததாக நினைத்துக்கொள்ளுங்கள்.

எஞ்சினிலிருந்து டிராக்குக்கு விசை போகும் பாதையை மனத்தில் பதிய வைத்துக்கொள்வது நல்லது. எஞ்சின் தண்டின் முனையில் முன் கிளட்ச் இருக்கிறது. அதிலிருந்து ஒரு தடித்த ரப்பர் பெல்ட் பின் கிளட்ச்சுக்குப் போகிறது. இந்த இரண்டும் சேர்ந்துதான் கியர் மாற்றும் வேலையைத் தாமாகவே செய்கின்றன. இப்போது நம் ஊர் ஸ்கூட்டர்களில் இருக்கிறதே, அதே ஏற்பாடுதான். எஞ்சின் வேகம் ஏற ஏற முன் கிளட்ச் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும். வேகம் குறைந்தால் பிடியை விட்டுவிடும். பின் கிளட்ச்சிலிருந்து விசை ஒரு சங்கிலிப் பெட்டிக்குள் போய், அங்கிருந்து டிராக்கைச் சுழற்றுகிறது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். வண்டி நின்ற நிலையில் எஞ்சின் மெல்ல ஓடிக்கொண்டிருக்கும்போது, அதாவது ஐட்லிங்கில், பெல்ட்டில் பிடிப்பு இருக்கக்கூடாது. பின்னால் ரிவர்ஸ் கோளாறுக்கு வரும்போது இந்த ஒரு வரிதான் பாதி மர்மத்தை அவிழ்க்கப் போகிறது.

எஞ்சின் கிளம்பவில்லையா?

கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் வலி கண்டவர்களுக்குச் சொல்கிறேன். எந்தப் பெட்ரோல் எஞ்சினுக்கும் நான்கு தேவை: காற்று, எண்ணெய், தீப்பொறி, அழுத்தம். நான்கும் இருந்தால் அது கிளம்பியே ஆக வேண்டும். ஒன்று குறைந்தால் பத்துப் பேர் இழுத்தாலும் கிளம்பாது. எது குறைகிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. காசு செலவில்லாத சோதனையை முதலிலும், எஞ்சினைப் பிரிக்கும் சோதனையைக் கடைசியிலும் செய்ய வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது நிறுத்தும் விசை. பனிவண்டியில் கைப்பிடி அருகே ஒரு நிறுத்து விசை உண்டு. அதோடு, ஓட்டுநரின் உடையில் மாட்டிக்கொள்ளும் கயிறு ஒன்றும் உண்டு. ஓட்டுநர் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு எஞ்சின் நின்றுவிடும். இவ்விரண்டில் ஒன்று சரியான நிலையில் இல்லாவிட்டாலும் தீப்பொறி வராது. “எஞ்சின் செத்துவிட்டது” என்று பட்டறைக்கு இழுத்து வரப்படும் வண்டிகளில், கயிற்றின் மூடி சரியாக உட்காராததே காரணமாக இருப்பதும் உண்டு.

அடுத்து எண்ணெய். கோடை முழுவதும் தொட்டியில் கிடந்த பெட்ரோல் ஆவி போய்ப் பிசுபிசுப்பாகி, கார்புரேட்டரின் சின்னஞ்சிறு துளைகளை அடைத்துவிடும். அங்கே இன்னொரு தொல்லையும் உண்டு. பெட்ரோலில் கலந்த சில துளித் தண்ணீர் குழாய்க்குள் உறைந்து பனிக்கட்டியாகி வழியை மறித்துவிடும். வண்டி சூடான கொட்டகையில் இருக்கும்போது எல்லாம் சரியாக ஓடும். வெளியே கொண்டுபோன அரைமணி நேரத்தில் மூச்சு நின்றுவிடும். இப்படி நடந்தால் எண்ணெயில் தண்ணீர் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

மூன்றாவது தீப்பொறி. பிளக்கைக் கழற்றி, அதன் தொப்பியில் மாட்டி, உலோக உடலை எஞ்சினின் இரும்பில் அழுத்தி வைத்து, கயிற்றை இழுத்தால் நீலநிறப் பொறி பளிச்சென்று தெரிய வேண்டும். இதைச் செய்யும்போது பக்கத்தில் பெட்ரோல் சிந்தியிருக்கக் கூடாது. பிளக் கழற்றிய துளைக்கு நேரே முகத்தையும் நீட்டக்கூடாது.

கடைசியாக அழுத்தம். பிளக் துளையில் அளவுமானியைப் பொருத்தி இழுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு சிலிண்டர் வண்டியில் எண் எவ்வளவு என்பதைவிட, இரண்டும் ஏறக்குறைய சமமாக இருக்கின்றனவா என்பதுதான் முக்கியம். ஒன்று நன்கு குறைந்திருந்தால் அந்தச் சிலிண்டரில் பிஸ்டனோ வளையமோ தேய்ந்திருக்கும். அது பட்டறை வேலை.

பிளக் சொல்லும் செய்தி

மருத்துவர் நாக்கை நீட்டச் சொல்வதுபோல், எஞ்சின் மெக்கானிக் பிளக்கைக் கழற்றிப் பார்க்கிறார். முனை இளம் பழுப்பு நிறமாக இருந்தால் நலம். கறுத்து ஈரமாக இருந்தால் எண்ணெய் அதிகம், காற்றுக் குறைவு; சோக்கைப் போட்டபடியே விட்டிருக்கலாம். வெள்ளை வெளேரென்று இருந்தால்தான் பயப்பட வேண்டும். எண்ணெய் குறைவு, காற்று அதிகம், எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது என்று பொருள். கறுத்த பிளக் உங்களை வழியில் நிறுத்தும். வெள்ளைப் பிளக் பிஸ்டனையே ஓட்டை போட்டுவிடும்.

குளிர்நாட்டில் இந்த வெள்ளைப் பிளக் ஏன் அதிகம் வருகிறது? குளிர்ந்த காற்று அடர்த்தி மிக்கது. நம் ஊரின் 30 டிகிரி வெப்பத்தில் இருக்கும் காற்றையும், கனடாவின் மைனஸ் 30 டிகிரிக் காற்றையும் ஒப்பிட்டால், அதே ஒரு லிட்டர் இடத்தில் அங்கே ஏறக்குறைய கால் பங்கு காற்று கூடுதலாக அடைந்திருக்கிறது. காற்றுக் கூடினால் எண்ணெயும் கூட வேண்டும். பழைய கார்புரேட்டருக்கு அது தானாகத் தெரியாது. அளவான துளையுள்ள ‘ஜெட்’ என்ற சிறு திருகாணியை மாற்றித்தான் சொல்ல வேண்டும். மைனஸ் 5இல் நன்றாக ஓடிய வண்டியை ஜெட் மாற்றாமல் மைனஸ் 30இல் முழு வேகத்தில் ஓட்டினால் பிஸ்டன் உருகிப்போகும். இப்போதைய வண்டிகளில் கணினி காற்றின் வெப்பத்தை அளந்து எண்ணெயைப் பீய்ச்சுவதால் இந்தக் கவலை குறைந்திருக்கிறது. பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு அது இன்றும் தீரவில்லை.

இன்னொரு விபரீதம் ‘குளிர்ப் பிடிப்பு’. குளிரில் கிடந்த எஞ்சினைக் கிளப்பியதும் ஒரே அடியாக வேகம் கொடுத்தால், அலுமினியப் பிஸ்டன் சட்டென்று சூடாகி விரியும். சுற்றியுள்ள சிலிண்டரோ இன்னும் குளிர்ந்து சுருங்கியே இருக்கும். உள்ளே இருப்பவன் பெருத்து, வெளியே இருப்பவன் இடம் கொடுக்காவிட்டால் என்ன ஆகும்? பிஸ்டன் சிலிண்டரில் உரசிச் சிக்கிக்கொள்ளும். ஆகவே சில நிமிடம் மெல்ல ஓடவிட்டுச் சூடேற்றுவது கட்டாயம். அதுவும் திறந்த வெளியில் நடக்க வேண்டும். அடைத்த கொட்டகையில் ஓடவிட்டால் நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொன்றுவிடும்.

நீரால் குளிரும் எஞ்சின் உள்ள வண்டியில் வேடிக்கை ஒன்று உண்டு. டிராக் வாரி அடிக்கும் பனிதான் வண்டியின் அடிப்பகுதியில் உள்ள குளிர்விப்பானில் பட்டு எஞ்சினைக் குளிர வைக்கிறது. இறுகிய பனிக்கட்டி ஏரியின்மேல் தூள்பனி இல்லாமல் நெடுந்தூரம் ஓட்டினால், சுற்றிலும் உறைகுளிராக இருக்கும்போதே எஞ்சின் கொதித்துப்போகும்!

பின்னால் போவது எப்படி?

இனி ரிவர்ஸுக்கு வருவோம். இருநூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டியை, இடுப்பளவு பனியில் நின்றுகொண்டு பின்னுக்கு இழுத்துத் திருப்புவது எளிதல்ல. முன்னால் மரம், பக்கத்தில் பள்ளம் என்றால் ரிவர்ஸ்தான் துணை.

இதில் இரண்டு வகை. முதல் வகையில், சங்கிலிப் பெட்டிக்குள் ரிவர்ஸ் பல்சக்கரம் இருக்கும். ஒரு நெம்பியை இழுத்தால் அது பொருந்திக்கொண்டு டிராக் எதிர்ப்பக்கம் சுற்றும். கார், லாரிகளில் இருப்பது போன்றதுதான். பாரம் இழுக்கும் அகன்ற பனிவண்டிகளிலும், ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளிலும் ரிவர்ஸுக்குப் பல்சக்கரத்தைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

இரண்டாவது வகை வியப்பானது. அதில் ரிவர்ஸ் பல்சக்கரமே கிடையாது. ஒரு பொத்தானை அமுக்கினால் எஞ்சினே எதிர்த்திசையில் சுழலத் தொடங்குகிறது! 1990களின் இறுதியில் இம்முறை பனிவண்டிகளில் பரவியது.

இது எப்படி முடிகிறது? பழைய டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பியவர்களுக்கு ஓர் அனுபவம் இருக்கும். அரைகுறையாக உதைத்தால் கிக்கர் திரும்பி வந்து கெண்டைக்காலில் அடிக்கும். பிஸ்டன் உச்சிக்கு ஏறி முடிக்குமுன்பே தீப்பொறி விழுந்து, வேகம் போதாத பிஸ்டனை வந்த வழியே தள்ளிவிடுவதால் வரும் அடி அது. பனிவண்டிக் கணினி இந்த அடியைத்தான் வேண்டுமென்றே கொடுக்கிறது. பொத்தானை அமுக்கியதும் தீப்பொறியை நிறுத்தி எஞ்சினைச் சாகும் நிலைவரை மெதுவாக்குகிறது. பிஸ்டன் கடைசி மூச்சில் மேலே ஏறி வரும்போது, உச்சியைத் தொடுமுன் ஒரு பொறியைப் போடுகிறது. ஏறிவரும் ஊஞ்சலை வழியிலேயே மறித்து எதிர்ப்பக்கம் தள்ளுவதுபோல், எஞ்சின் திசை மாறி ஓடத் தொடங்கும். பிறகு அந்தத் திசைக்கு ஏற்றபடி தீப்பொறியின் நேரத்தைக் கணினி மாற்றிக்கொள்ளும்.

டூ ஸ்ட்ரோக் எஞ்சினால் மட்டும் ஏன் இது முடிகிறது? அதில் காற்றும் புகையும் போய்வரும் வாசல்களைப் பிஸ்டனே மேலும் கீழும் போய்த் திறந்து மூடுகிறது. எந்தப் பக்கம் சுற்றினாலும் வாசல்கள் திறக்கும் வரிசை ஒன்றுதான். ஃபோர் ஸ்ட்ரோக்கில் வால்வுகளைத் திறக்க ஒரு தனித் தண்டு இருக்கிறது. அது திரும்பிச் சுற்றினால் புகை போகவேண்டிய நேரத்தில் காற்று வாசல் திறந்து எல்லாம் குழம்பிவிடும். இந்த இரகசியம் புதிதும் அல்ல. 1955இல் ஜெர்மனியில் வந்த மெஸ்ஸர்ஷ்மிட் கேஆர் 200 என்ற மூன்று சக்கரச் சிறு காரில், எஞ்சினை நிறுத்தி எதிர்த்திசையில் கிளப்பித்தான் பின்னால் போனார்கள். முன்னால் நான்கு கியர் இருந்ததால் பின்னாலும் நான்கு கியர் இருந்தது!

பொத்தான் ரிவர்ஸ் தகராறு

பொத்தானை அமுக்கியும் ஒன்றுமே நடக்கவில்லை என்றால், எஞ்சின் வேகம் கூடுதலாக இருக்கிறதா என்று பாருங்கள். ஐட்லிங்கை விட வேகமாக ஓடினால் கணினி ரிவர்ஸுக்குச் சம்மதிக்காது. வேகம் கொடுக்கும் திராட்டல் கம்பி உறைந்தோ இறுகியோ முழுதும் திரும்பாமல் இருக்கலாம். அது சரியாக இருந்தால், பொத்தானிலும் கம்பி இணைப்புகளிலும் ஈரமோ துருவோ பார்க்க வேண்டும்.

பொத்தானை அமுக்கியதும் எஞ்சின் நின்றே போனால், குற்றம் பெரும்பாலும் ரிவர்ஸில் இல்லை, எஞ்சினில் இருக்கிறது. சாகும் நிலைக்குப் போய் மீண்டு வர எஞ்சினுக்குத் தெம்பு வேண்டும். ஐட்லிங் மிகக் குறைவாக இருந்தாலோ, பிளக்கில் கரி பிடித்திருந்தாலோ, கார்புரேட்டரின் மெல்லோட்டத் துளை அடைத்திருந்தாலோ, எஞ்சின் இன்னும் சூடாகாமல் இருந்தாலோ அந்தத் தெம்பு இராது. பெல்ட் ஐட்லிங்கிலேயே பிடித்துக்கொண்டிருந்தாலும் அதே கதைதான். டிராக்கின் பாரமும் சேர்ந்து எஞ்சினை அமுக்கிவிடும். ஆகவே கணினிப் பெட்டியை மாற்ற ஓடுமுன், சூடான எஞ்சின் நின்ற நிலையில் ஒரே சீராக ஓடுகிறதா என்று பாருங்கள். சீராக ஓடாத எஞ்சினிடம் குட்டிக்கரணம் கேட்கக்கூடாது.

சில சமயம் விளக்கு எரிந்து, எச்சரிக்கை ஒலியும் கேட்கும். ஆனால் எஞ்சின் உண்மையில் திரும்பியிராது. வண்டி முன்னால் பாய்ந்துவிடும். ஆகவே ரிவர்ஸ் போட்டபின் முதலில் மிகச் சிறிதளவே வேகம் கொடுத்து, எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்தபிறகே கூட்ட வேண்டும். அதேபோல் முன்னோக்கி மாற்றிய பிறகும் செய்ய வேண்டும்.

நெம்பி ரிவர்ஸ் தகராறு

நெம்பி நகரவில்லை, அல்லது ‘கரகர’ என்று பல் அரைபடுகிறது என்பதுதான் வழக்கமான புகார். பலர் உடனே சங்கிலிப் பெட்டியைப் பிரித்துவிடுகிறார்கள். அதற்குமுன் ஒரு சின்னச் சோதனை. எஞ்சினை நிறுத்துங்கள். வண்டியை ஒரு சாண் முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டே நெம்பியைத் தள்ளுங்கள்.

எஞ்சின் நின்றிருக்கும்போது நெம்பி சுலபமாக விழுந்து, எஞ்சின் ஓடும்போது மட்டும் மறுக்கிறது என்றால், பல்சக்கரத்தில் குற்றமில்லை. ஐட்லிங்கில் பெல்ட் பிடித்துக்கொண்டு பற்களைச் சுழற்றப் பார்க்கிறது. சுற்ற முயலும் பல்லில் மற்றொரு பல் எப்படிப் பொருந்தும்? ஐட்லிங் அதிகமா, பெல்ட் அளவு தவறானதா அல்லது மிக இறுக்கமா, முன் கிளட்ச் அழுக்கேறிப் பிடியை விடாமல் இருக்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள். பிரேக்கை விட்டால் சமதரையில் வண்டி தானாக ஊர்ந்து போவது இதற்கு நல்ல அடையாளம்.

எஞ்சின் நின்றிருக்கும்போதும் நெம்பி மறுக்கிறது என்றால், கோளாறு நெம்பியின் கம்பியிலோ இணைப்பிலோ பெட்டிக்குள்ளோ இருக்கிறது. இணைப்புகளில் பனி உருகி மறுபடி உறைந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அதைத் தட்டி எடுத்தாலே சரியாகிவிடலாம்.

ரிவர்ஸ் விழுந்த பிறகு தானாகக் கழன்றுகொண்டால், இணைப்பின் அளவு தப்பியிருக்கும். அல்லது பற்களின் முனை மழுங்கியிருக்கும். வண்டி முழுதும் நிற்காமல் நெம்பியை இழுக்கும் பழக்கம்தான் பற்களை மழுங்கவைக்கும் பெரிய காரணம். பெட்டியின் எண்ணெயை வடித்துப் பார்த்தால் உண்மை தெரியும். உலோகத் துணுக்குகள் வந்தால் பிரித்துப் பார்க்கத்தான் வேண்டும்.

ரிவர்ஸ் சரியாக இருந்தாலும் அதை எங்கே பயன்படுத்தக்கூடாது என்றும் தெரிந்துகொள்ள வேண்டும். ஆழமான தூள்பனியில் பின்னால் போனால், டிராக் பனியைத் தோண்டி வண்டியின் வாலைப் புதைத்துவிடும். இறுகிய தரையில் திரும்புவதற்குத்தான் ரிவர்ஸ். புதைந்த வண்டியை மீட்க மண்வெட்டிதான் நல்ல மருந்து.

கிளப்புமுன் ஒரு நிமிடம்

எஞ்சினைக் கிளப்புமுன் திராட்டல் விசையை ஒருமுறை அமுக்கிவிட்டுப் பார்க்க வேண்டும். ‘டக்’ என்று திரும்பி வர வேண்டும். உறைந்து திறந்த நிலையில் நின்றிருந்தால், கிளப்பியதும் வண்டி ஆளில்லாமலே பாய்ந்துவிடும். கிளப்பியதும் நிறுத்து விசையையும் கயிற்றையும் ஒருமுறை சோதிக்க வேண்டும். டிராக்கைத் தூக்கி வைத்துச் சோதிக்கும்போது பின்னால் யாரும் நிற்கக்கூடாது. அதில் சிக்கிய கல்லும் பனிக்கட்டியும் துப்பாக்கிக் குண்டுபோல் தெறிக்கும். தொலைதூரம் போகிறவர் மாற்றுப் பெல்ட், மாற்றுப் பிளக், சில கருவிகள், தீப்பெட்டி, கனத்த உடை ஆகியவற்றை எடுத்துக்கொள்ள வேண்டும். தனியே போகாமல் இருப்பது எல்லாவற்றிலும் மேல்.

நம் தோட்டத்துக்கு என்ன பாடம்?

இவற்றில் பாதியை நாளைக் காலையே நீங்கள் பயன்படுத்தலாம். புல்வெட்டும் இயந்திரம் கிளம்பாவிட்டால் அதே வரிசைதான்: நிறுத்து விசை, எண்ணெய், தீப்பொறி, கடைசியில் அழுத்தம். பல மாதம் சும்மா கிடந்த இயந்திரமானால் பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டுப் புதியதை ஊற்றுங்கள். எண்ணெய் கலப்பதில் கண்மதிப்பு வேண்டாம். 25க்கு 1 என்று புத்தகத்தில் போட்டிருந்தால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி லிட்டர் டூ ஸ்ட்ரோக் எண்ணெய். 50க்கு 1 என்றால் 20 மில்லி லிட்டர். “கொஞ்சம் குறைத்தால் காசு மிச்சம்” என்று பார்ப்பவர், பிஸ்டனுக்குக் காசு கொடுக்க வேண்டிவரும்.

நம் புல்வெட்டியிலும் ஒரு கிளட்ச் உண்டு. நின்ற நிலையில் ஓடும்போது கத்தி சுழலக்கூடாது. சுழன்றால் ஐட்லிங் அதிகம், அல்லது கிளட்ச்சின் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. பனிவண்டியில் அதே குற்றம் கியரை மட்டும் அரைக்கும். இங்கே அது காலை அறுக்கும். “நேற்றும் இப்படித்தான் சுற்றியது, ஒன்றும் ஆகவில்லை” என்று சொல்லித் தோளில் மாட்டிக்கொண்டு போகாதீர்கள். சரிசெய்த பிறகே வேலைக்கு எடுங்கள். வீட்டில் பிள்ளைகள் அந்த இயந்திரத்தைத் தொடுகிறார்கள் என்றால், கத்தி சும்மா சுற்றுகிறதா என்று பார்க்க அவர்களுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

அடுத்த இதழில், மழைக்காலத்தில் மோட்டார் சைக்கிள் பிரேக்கைப் பராமரிப்பது பற்றிப் பார்ப்போம்.